பட்டை வாங்குவதற்கு முன்னால் எடை போடுங்கள்

கேள்வி: மெல்பர்னில் கிளைட் நார்த் பகுதியில் இருக்கிறோம். சென்ற ஆண்டு ஒரு பழைய கேம்பர் ட்ரெய்லர், அதாவது காரின் பின்னால் இழுத்துப் போகும் கூடார வண்டி, வாங்கினோம். ஈஸ்டர் விடுமுறைக்கு அதை இழுத்துக்கொண்டு வில்சன்ஸ் பிரமன்டரியின் டைடல் ரிவர் முகாமுக்குப் போனோம். லாங் லாங் தாண்டி 95 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ட்ரெய்லரின் வால் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. காரே அதோடு சேர்ந்து ஆடியது. கணவர் வேகத்தைக் குறைத்ததும் நின்றுவிட்டது. போய்ச் சேர்ந்து திறந்து பார்த்தால், ஃபிரிட்ஜ் நகர்ந்து முன் சுவரில் மோதியிருந்தது. கேஸ் சிலிண்டர் படுத்துக் கிடந்தது. அரிசி டப்பா உடைந்து எல்லாம் கொட்டியிருந்தது. மேலே கட்டிய மடக்கு நாற்காலிகளில் ஒன்றைக் காணோம். செப்டம்பர் பள்ளி விடுமுறைக்கு மறுபடி போகிறோம். சாமானைக் கட்ட நல்ல உறுதியான பட்டை எது, எத்தனை வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள். படங்களும் சாமான் பட்டியலும் இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள சகோதரி,

பட்டை எது என்று கேட்டிருக்கிறீர்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தவை இரண்டு: வால் ஆடியது, சிலிண்டர் படுத்துக் கிடந்தது. இந்த இரண்டில் முதலாவதை உலகத்தில் எந்தப் பட்டையாலும் நிறுத்த முடியாது. சாமான் ஒரு அங்குலம்கூட நகராமல் கட்டியிருந்தாலும் அந்த ட்ரெய்லர் அந்த வேகத்தில் ஆடித்தான் இருக்கும். ஏனென்றால் எடை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. லோடு ஏற்றுவதில் கட்டுவது கடைசி வேலை. எவ்வளவு எடை, எந்த இடத்தில் என்ற இரண்டும் முடிந்த பிறகுதான் பட்டையைக் கையில் எடுக்க வேண்டும்.

நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் தொழில் பழகியவன். இங்கே டான்டினாங்கில் பல வருடமாக ட்ரெய்லர் வேலை பார்க்கிறேன். இரண்டு ஊரிலும் லோடு பிசகுவதற்குக் காரணம் ஒன்றாகத்தான் இருக்கிறது. இடம் காலியாக இருக்கிறதே என்று வைத்துவிடுகிறோம்.

உங்கள் ட்ரெய்லரின் தகட்டைப் படம் எடுத்து அனுப்பியது நல்ல காரியம். டேர் 480 கிலோ, ஏ.டி.எம். 750 கிலோ என்று இருக்கிறது. டேர் என்பது வெறும் வண்டியின் எடை. ஏ.டி.எம். என்பது வண்டியும் அதில் ஏற்றிய அத்தனையும் சேர்ந்து தாண்டக் கூடாத எடை. ஆக, நீங்கள் ஏற்றலாம் என்பது 270 கிலோ. அதற்குள் தண்ணீர், கேஸ், பேட்டரி, பந்தல் துணி எல்லாம் அடக்கம்.

இப்போது உங்கள் பட்டியல். தண்ணீர்த் தொட்டி 60 லிட்டர், அதாவது 60 கிலோ. நிறைந்த 9 கிலோ கேஸ் சிலிண்டர், இரும்பின் எடையோடு சேர்த்து 18. ஃபிரிட்ஜும் உள்ளே இருப்பதும் 40. பேட்டரி 30. பந்தல் துணியும் கம்பிகளும் 25. அரிசி, தோசைக்கல், குக்கர், பாத்திரம் எல்லாம் இரண்டு பெட்டியில் 40. மேசை நாற்காலி 26. நான்கு சைக்கிள் அதன் தாங்கியோடு 55. கூட்டினால் 294. வண்டியின் 480-ஐச் சேர்த்தால் 774. வரம்பைவிட 24 கிலோ கூடுதல்.

24 கிலோதானே என்று தோன்றும். உங்கள் ட்ரெய்லருக்கு பிரேக் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். ஆஸ்திரேலிய விதிப்படி சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவுக்குள் இருக்கும் ட்ரெய்லருக்குத்தான் பிரேக் இல்லாமல் இருக்க அனுமதி. அந்த முழு எடையையும் நிறுத்துவது உங்கள் காரின் பிரேக் மட்டுமே. கொரம்பராவுக்கு முன்னால் வரும் ஏற்ற இறக்கங்களில் அது எப்படி இருந்திருக்கும் என்று உங்கள் கணவரைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது இடம். என் கவலை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

நீளமான ஏணியைத் தோளில் தூக்கிப் போகும்போது பின்முனை கனத்தால் என்ன ஆகும்? முன்முனை கையை விட்டு மேலே எழும். நீங்கள் ஒரு அடி திரும்பினால் பின்முனை உங்களை இழுத்துக்கொண்டு போகும். ட்ரெய்லரும் அப்படித்தான். ஆக்சிலுக்கு, அதாவது சக்கரங்களின் அச்சுக்கு, பின்னால் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்னால் காரோடு மாட்டும் பூட்டான கப்ளிங்கை மேலே தூக்குகிறது. கப்ளிங் காரின் மேல் அழுத்தி உட்கார்ந்தால்தான் ட்ரெய்லர் காரின் பின்னால் ஒழுங்காக வரும். இங்கே தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு, ஏற்றிய மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கப்ளிங்கில் இருக்க வேண்டும் என்பது. உங்களுக்கு அது 70, 75 கிலோ.

நீங்கள் கொடுத்த அளவுகளை வைத்துப் பார்த்தால், கப்ளிங்கிலிருந்து ஆக்சிலுக்கு 2.6 மீட்டர். சைக்கிள் தாங்கி ஆக்சிலுக்கு 1.8 மீட்டர் பின்னால் இருக்கிறது. 55-ஐ 1.8-ஆல் பெருக்கி 2.6-ஆல் வகுத்தால் 38 கிலோ. அந்த சைக்கிள்கள் மட்டுமே கப்ளிங்கிலிருந்து 38 கிலோவைத் தூக்கிவிட்டன. தண்ணீர்த் தொட்டியும் ஆக்சிலுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது, அது இன்னொரு 14. இரண்டும் சேர்ந்து 52 கிலோ! கப்ளிங்கில் மிச்சம் என்ன இருந்திருக்கும்? அதனால்தான் ஆடியது. 80-இல் ஒன்றும் தெரியாமல் வந்த வண்டி 95-இல் ஆடுவதும் இதன் குணம்தான். வேகம் கூடக் கூட ஆட்டம் தானாக அடங்கும் சக்தி குறைந்துகொண்டே போகிறது.

ஊகத்தில் விட்டுவிடாதீர்கள், வீட்டிலேயே எடை பார்க்கலாம். சமதளமான இடத்தில், எல்லாச் சாமானும் ஏற்றிய பிறகு, ட்ரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். குளியலறை எடை இயந்திரத்தை நேராகக் கப்ளிங்குக்குக் கீழே வையுங்கள். அதன் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் உறுதியான மரக்கட்டை. கட்டையின் உயரம், காரில் மாட்டும்போது கப்ளிங் இருக்கும் உயரமாக இருக்க வேண்டும். பிறகு ட்ரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கி நிற்கும் சின்னச் சக்கரமான ஜாக்கி சக்கரத்தை மெதுவாகச் சுற்றி மேலே தூக்கினால் எடை முழுவதும் கட்டையில் இறங்கும். சிலர் ஜாக்கி சக்கரத்தையே இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அது கப்ளிங்குக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால் கூடுதலாகக் காட்டி ஏமாற்றிவிடும். குழந்தைகள் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டை நழுவினால் காலில்தான் விழும். மொத்த எடைக்கு ஒரு முறை பொது எடை மேடைக்கு ஓட்டிப் போய்விடுங்கள், அந்தச் செலவு வீண் போகாது.

என்னைக் கேட்டால் அந்த சைக்கிள் தாங்கியைக் கழற்றி கராஜில் வைத்துவிடுங்கள். முகாமுக்குள் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவது அவர்களுக்குப் பெரிய சந்தோஷம் என்று எனக்கும் தெரியும். அவர்களுடைய இரண்டு சைக்கிளை மட்டும் காரின் கூரையில் ஏற்றுங்கள். கூரை எவ்வளவு தாங்கும் என்பது காரின் கையேட்டில் இருக்கும், அதில் தாங்கிக் கம்பிகளின் எடையும் சேர்த்தி. தண்ணீரையும் வீட்டிலேயே நிரப்ப வேண்டாம். டைடல் ரிவரில் குழாய் இருக்கிறது, அங்கே பிடித்துக்கொள்ளலாம். பாதித் தொட்டி வைத்துக்கொண்டு போவது இன்னும் மோசம், வளைவு தோறும் தண்ணீர் பக்கவாட்டில் அலைமோதும். இந்த இரண்டையும் செய்தாலே 774 என்பது 659 ஆகிவிடும், கப்ளிங்கும் கனத்துவிடும்.

எல்லாவற்றையும் முன்னால் தள்ளிவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். முன் பெட்டியில் பேட்டரியும் கருவிகளும் அளவுக்கு மீறித் திணித்து, டிராபார், அதாவது கப்ளிங் வரை நீளும் இரும்புச் சட்டம், உடம்போடு சேரும் வெல்டிங்கில் விரல் நீளத்துக்கு விரிசல் விட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பெயின்டின் மேல் துருக்கோடாக மெல்லிசாகத் தெரியும். உங்கள் வண்டியிலும் அந்த இடத்தைத் துடைத்து ஒரு முறை பாருங்கள். கனமானது ஆக்சிலுக்கு மேலேயும் அதற்குச் சற்று முன்னாலும், தரையோடு தரையாக. ஃபிரிட்ஜும் சமையல் பெட்டியும் அங்கே. தோசைக்கல்லும் குக்கரும் பெட்டியின் அடியில். பந்தல் துணி, படுக்கை, தலையணை பின்னால் இருக்கலாம். இடது வலது எடையும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கட்டும்.

இனி கட்டுவதைப் பார்ப்போம்.

நாமக்கல்லிலிருந்து கேரளத்துக்குப் போகும் முட்டை லாரியை நினைத்துப் பாருங்கள். முட்டைத் தட்டுகளுக்கு இடையே இடைவெளி விட மாட்டார்கள். ஒன்றோடொன்று இறுகி, முன் பலகையோடு ஒட்டி அடுக்கிய பிறகுதான் கயிறு போடுவார்கள். நகர இடம் இருந்தால்தானே நகரும்? உங்கள் ஃபிரிட்ஜுக்கு முன்னால் ஒன்றரை அடி காலியாக இருந்தது, அதனால்தான் பிரேக் போட்டபோது ஓடிப்போய் முட்டியது. முன் சுவரையோ, தரையில் போல்ட் போட்ட ஒரு கட்டையையோ ஒட்டி வைத்திருந்தால் பட்டைக்கு வேலை பாதிதான். மிச்சமிருக்கும் சந்துகளில் சுருட்டிய படுக்கையை இறுக்கிச் செருகுங்கள். அடியில் ரப்பர் பாய் போடுங்கள். வழுவழுப்பான அலுமினியத் தரையில் பிளாஸ்டிக் பெட்டி சறுக்கு மரம் மாதிரி ஓடும். ரப்பர் அதைப் பிடித்து வைக்கும்.

எவ்வளவு பலமாகக் கட்ட வேண்டும் என்பதற்கு இங்கே தெளிவான அளவுகோல் இருக்கிறது. தேசியப் போக்குவரத்து ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு லோட் ரெஸ்ட்ரெயின்ட் கையேடு சொல்வது: முன்பக்கம் போக முயலும்போது சாமான் எடையில் 80 சதவீத விசையையும், பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் 50 சதவீதத்தையும், மேலே எழும்போது 20 சதவீதத்தையும் கட்டு தாங்க வேண்டும். லாரிக்காரர்களுக்கான கையேடு என்றாலும் கணக்கு உங்களுக்கும் அதுவேதான். 40 கிலோ ஃபிரிட்ஜ் திடீர் பிரேக்கில் 32 கிலோ விசையோடு முன்னால் பாய்கிறது. அதைத் தாங்க, பிடியை அசைத்து இறுக்கும் 25 மில்லிமீட்டர் ராட்செட் பட்டை இரண்டு தாராளம்.

அப்படியானால் ஏன் போன முறை தாங்கவில்லை? உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டை நல்ல பட்டை. எல்.சி., அதாவது கட்டும்போது பாதுகாப்பாகத் தாங்கும் அளவு, என்று போட்ட சீட்டும் அதில் இருக்கிறது. வாங்கும்போது அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும், பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் அறுபடும் எடையை அல்ல. ஆனால் அதன் கொக்கியை எதில் மாட்டியிருக்கிறீர்கள்? கூடார உறையின் கயிறு கட்டுவதற்காக விளிம்பில் ரிவெட் அடித்த சின்ன வளையத்தில். அந்த வளையம் ஏற்கெனவே ஓரமாகச் சாய்ந்து, ரிவெட்டைச் சுற்றித் தகடு குழிந்திருக்கிறது. துணியைப் பிடிக்க வைத்த வளையத்தில் ஃபிரிட்ஜைக் கட்டினால் அது என்ன செய்யும்? கட்டு எப்போதும் அதன் மிகப் பலவீனமான இடத்தின் பலம்தான். செப்டம்பருக்குள் சேஸிஸ் வரைக்கும் போல்ட் போட்ட நான்கு கொக்கி வளையங்களைப் பட்டறையில் வைத்துத் தாருங்கள் என்று கேளுங்கள். தகட்டில் மட்டும் ஸ்க்ரூ போட்டு முடித்துவிட விடாதீர்கள், அடியில் தாங்கு தகடு கொடுத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள்.

நான்காவது படத்தில் இன்னொன்று. சமையல் பெட்டிகளின் மேல் போட்ட பட்டை கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கிறது. பட்டை நேர் கீழாக இறங்கினால்தான் முழு இழுவையும் பெட்டியை அழுத்தும். தரையோடு 30 டிகிரி சாய்வாகப் போனால் பாதி அழுத்தம்தான் கிடைக்கும். தாழ்வான பெட்டிக்குப் பட்டையின் முனையைத் தூரத்தில் மாட்டாமல் பெட்டியை ஒட்டியே மாட்டுங்கள். பெட்டியின் இரும்பு விளிம்பில் பட்டை உரசும் இடத்தில் பழைய ரப்பர் துண்டு ஒன்று செருகுங்கள். அந்த இடத்தில் நூல் பிசிறு தெரிகிறது, அந்தப் பட்டையை இனி லோடுக்குப் பயன்படுத்த வேண்டாம். காற்று படும் இடத்தில் பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிப் போட்டால் படபடவென்று அடித்துக்கொள்ளாது. அந்த அதிர்வில்தான் பாதி ராட்செட்டுகள் தளர்கின்றன.

நாற்காலி போனதற்குக் காரணம் கொக்கி வைத்த ரப்பர் கயிறு. இங்கே ஆக்கி ஸ்ட்ராப் என்கிறோமே, அது. அது நீளும் பொருள். நீளும் பொருளால் கட்டியது கட்டு அல்ல. போதாக்குறைக்கு, இழுக்கும்போது கொக்கி கழன்றால் நேராகக் கண்ணுக்கு வரும். அதற்காகவே இந்த நாட்டில் அதன் மேல் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. போர்வையை ஒதுக்கி வைக்க வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சகோதரி, அந்த நாற்காலி எங்கே விழுந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்திருந்தால்? விழக்கூடியபடி லோடு ஏற்றி ஓட்டுவது சாலை விதி 292-இன் கீழ் குற்றம். அபராதத்தைப் பற்றி நான் பேசவில்லை, அந்த மோட்டார் சைக்கிள்காரரைப் பற்றித்தான் பேசுகிறேன். இனி நாற்காலிகள் உள்ளேதான் வர வேண்டும்.

சிலிண்டர் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கூடாரத்துக்குள், சாமான்களோடு சாமானாக சிலிண்டரை ஏற்றவே கூடாது. டைடல் ரிவரில் விறகு நெருப்புக்கு அனுமதி இல்லை என்பதால் கேஸ் இல்லாமல் முடியாது, சரி. அதற்கென்று டிராபாரில் வெளியே போல்ட் போட்டு மாட்டும் தாங்கி கிடைக்கும். அதில் நிமிர்த்தி நிறுத்தி, மேல் பாகத்தை இறுக்கி, வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டுப் புறப்படுங்கள். நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே அழுத்தம் கூடினால் வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு மேலே, ஆவி இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. படுத்துவிட்டால் அங்கே திரவம் வந்துவிடும். அப்போது வால்வு திறந்தால் திரவமாகப் பீய்ச்சி, பல மடங்கு விரிந்து ஆவியாகும், அதுவும் மூடிய இடத்துக்குள். கழுத்தில் பொறித்த தேதியையும் பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் சோதனை செய்யாமல் நிரப்பித் தர மாட்டார்கள்.

ட்ரெய்லரில் குறைத்த கனத்தைக் காரின் பின் இருக்கைக்குப் பின்னால் சும்மா போட்டுவிடாதீர்கள். பிள்ளைகளின் தலைக்குப் பின்னால் தோசைக்கல் இருக்கக் கூடாது. காரில் வைப்பதாக இருந்தால் தரையில், இருக்கையை ஒட்டி, கட்டி வையுங்கள்.

மாட்டும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. கப்ளிங்கைப் பூட்டிய பிறகு ஜாக்கியைச் சுற்றித் தூக்கிப் பாருங்கள். காரின் பின்பாகமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு விழுந்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிக்குத் தாங்கும் எடை பொறித்த ஷேக்கிள் (சங்கிலியைக் காரோடு மாட்டும் இரும்பு வளையம்) போடுங்கள், ஹார்டுவேர் கடையின் அலங்கார ஷேக்கிள் வேண்டாம். சங்கிலி திரும்பும்போது இழுபடாத அளவு நீளமும், தரையில் உரசாத அளவு குறுக்கமும் இருக்க வேண்டும். சக்கர நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒரு முறை மறுபடி இறுக்குங்கள், குறிப்பாகச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். ஆண்டில் பாதி நாள் வெயிலில் நிற்கும் ட்ரெய்லருக்குத் தேய்மானத்தைவிட வயதுதான் எமன்.

புறப்பட்டு அரை மணி நேரத்தில் ஒரு முறை நிறுத்துங்கள். உங்களுக்கு லாங் லாங் சரியான இடம். சாமான் அமர்ந்து பட்டைகள் தளர்ந்திருக்கும், ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். பட்டறையில் லாரிக் கிளீனர்கள் செய்வதைப் பார்த்துக் கற்றது இது. இறுகிய பட்டை விண்ணென்று சொல்லும், தளர்ந்தது தொப்பென்று விழும். சக்கரத்தின் நடுவில் கையைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் பேரிங் போகிறது என்று அர்த்தம். ஃபிஷ் கிரீக் தாண்டி யனாக்கி வழியாக இறங்குவதற்கு முன்னால் இன்னொரு முறை.

மறுபடி ஆடினால் உங்கள் கணவர் போன முறை செய்ததுதான் சரி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, தானாக வேகம் இறங்க விட வேண்டும். அழுத்தி பிரேக் போடக் கூடாது. ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கைத் திருப்பவும் கூடாது. அடங்கிய பிறகு "சரியாகிவிட்டது" என்று தொடர்ந்து போகாமல் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பின்னால் இருப்பதில் கனமான ஒன்றை முன்னால் மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

நீங்கள் வாங்க வேண்டியது: 25 மில்லிமீட்டர் ராட்செட் பட்டை ஆறு, ரப்பர் பாய் ஒன்று, சிலிண்டர் தாங்கி ஒன்று. அவ்வளவுதான். அதற்கு முன்னால் இந்த வாரக் கடைசியிலேயே சைக்கிள் தாங்கியைக் கழற்றி, தொட்டியைக் காலி செய்து, மற்ற சாமான்களை நான் சொன்னபடி ஏற்றிக் கப்ளிங்கில் எவ்வளவு வருகிறது என்று பார்த்து எழுதுங்கள். 60-க்குக் கீழே இருந்தால் பேட்டரியை எங்கே மாற்றலாம் என்று உங்கள் படத்திலேயே கோடு போட்டு அனுப்புகிறேன்.